ஆறு பேண்ட்டும் ஒரு கோட்டும்

ஜனவரி 4, ஞாயிறு. கோவை விமான நிலையம்

பெட்டிகளைப் போட்டாகிவிட்டது. விமானத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. வியட்நாம் போகிறோம். எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. துணி தைக்க.

ஈரோட்டில் வண்டி வண்டியாகத் துணி விற்கிறது. எங்கள் கோபியில் தெருவுக்கு மூன்று டெய்லர். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போய் அளவு கொடுக்கப் போகிறோம். ஹோய் ஆன் என்கிற ஊரில் கடைக்குக் கடை தையல்காரர்களாம். துணியைத் தொட்டுப் பார்த்து எடுத்துக் கொடுத்தால் மூன்றே நாளில் எதை வேண்டுமானாலும் தைத்துத் தருவார்களாம். கூட்டிப் போகிறவள் தமயந்தி. ஈரோட்டில் பொட்டிக் வைத்திருக்கிறாள், வாணியின் பழைய மாணவி. பெருந்துறையிலிருந்து ராஜாமணி, பூங்கோதை என்று அக்கா தங்கை இரண்டு பேர். அப்புறம் வாணி, நான். ஐந்து பேரில் ஒரே ஆண்பிள்ளை நான்தான்.

வாணி என் மனைவி. கணக்கு டீச்சர். போன மே மாதம் ஓய்வு பெற்றாள். முப்பத்தைந்து வருடமாக எனக்குத் தெரியாமல் ஒரு ஜாக்கெட் துணிகூட எடுக்காதவள், இந்தப் பயணத்துக்கு எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னாள். சரி, ஓய்வு பெற்றவளுக்கு ஒரு ஆசை என்று விட்டுவிட்டேன். ஆனால் இன்று டாக்ஸியில் வரும்போது, "ஏனுங்க, அங்க போயி உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லோணும்" என்றாள்.

"இங்கேயே சொல்லேன்."

"அங்க போயிச் சொல்றனுங்க" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்திரத்தில் நடுவில் ஒரு பக்கம் காணோம் என்றால் மேலே படிக்கவே எனக்கு மனசு வராது.

ஜனவரி 5, திங்கள்

சிங்கப்பூரில் இறங்கி, டானாங்குக்கு ஏறி, அங்கிருந்து வேனில் ஹோய் ஆன். கடிகாரத்தை முன்னால் தள்ளினேன், அப்புறம் பின்னால் தள்ளினேன். இப்போது சாப்பிட்டது மதியச் சாப்பாடா ராத்திரிச் சாப்பாடா என்று தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. வாணி விஷயத்தைச் சொல்லவில்லை. "அசதியா இருக்குதுங்க" என்றாள்.

ஜனவரி 6, செவ்வாய்

இன்று கடைக்குப் போனோம். ஒரு சந்துக்குள் இருக்கிறது. தரையிலிருந்து கூரை வரை துணிச் சுருள்கள். கடைக்காரி பெயர் லான், நாற்பது வயதிருக்கும். ஆங்கிலம் அரைகுறை. போனைப் பார்த்து அவள் பாஷையில் பேசினால், போன் தமிழில் பேசுகிறது. செய்தி வாசிக்கிறவர்களைப் போல அவ்வளவு சுத்தமான தமிழ்.

நான் முன்யோசனை உள்ளவன். எனக்கு ஒரு அளவுச் சட்டையும் வாணிக்கு ஒரு அளவு ஜாக்கெட்டும் பெட்டியில் எடுத்து வைத்திருந்தேன். நம் ஊரில் யார் ஆளை நிறுத்தி அளக்கிறார்கள்? சரியாக இருக்கிற பழசு ஒன்றைக் கொடுத்தால் அதைப் பார்த்துத் தைத்துவிடுவார்கள். கோபியில் எங்கள் டெய்லர் வாணியை நேரில் பார்த்ததே நாலைந்து தடவை இருக்கும். ஜாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வருவது நான்தான்.

லான் அந்த ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். தையலுக்கு அந்தப் பக்கம் எதற்கு இவ்வளவு துணியை விட்டிருக்கிறார்கள் என்று போன் கேட்டது. உடம்பு போட்டால் பிரித்துவிட என்றேன். எதிர்காலத்தையும் சேர்த்துத் தைத்துக்கொள்கிற புத்திசாலிகள் நாங்கள் என்றும் சொன்னேன். போன் அதை எப்படிச் சொன்னதோ, கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

வாணி ஜாக்கெட்டை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "இது வேண்டாமுங்க. ஆளையே அளக்கட்டும்."

சேலையோடு அளக்க முடியாது என்று உள்ளே போய், தமயந்தி கொண்டுவந்திருந்த பேண்ட் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நடுக்கடையில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். லான் டேப்பைப் பிடித்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருத்தி நோட்டில் எழுதினாள். தோள், கை, இடுப்பு, தொடை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வாணி சொன்ன பட்டியலைக் கேட்டு எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆறு பேண்ட். ஆறு முழுக்கைச் சட்டை. எல்லா பேண்ட்டிலும் இரண்டு பக்கமும் ஆழமாகப் பாக்கெட். அப்புறம் முழங்கால் வரை வருகிற கம்பளிக் கோட்டு ஒன்று. இன்றைக்கு முன்னால் வாணி பிறந்ததிலிருந்து பேண்ட் போட்டதில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து என்று திருத்திக்கொள்கிறேன், அதற்கு முந்தியதற்கு என்னிடம் பதிவு இல்லை.

"எதுக்கு ஆறு?" என்றேன்.

"ஒண்ணு தொவைக்கப் போட்டா ஒண்ணு வேணுமில்லீங்க."

என் கணக்குப்படி அது இரண்டுதான் வருகிறது. கணக்கு டீச்சரிடம் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

எனக்கும் அவளே துணி எடுத்தாள். லினனில் இரண்டு சட்டை, அதிலேயே ஒரு மெல்லிய கோட்டு. "ஏனுங்ணா, மாப்பிள்ளை மாதிரி இருப்பீங்க போங்க" என்று ராஜாமணி கிண்டல் செய்தாள். நான் என் அளவுச் சட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன். என்னை யாரும் டேப் வைத்து அளக்க வேண்டியதில்லை.

ஜனவரி 7, புதன்

காலை: கண்டுபிடித்துவிட்டேன்! கனடா!

பல் துலக்கும்போது பிடிபட்டது. நவநீதன், எங்கள் ஒரே மகன், டொரண்டோவில் இருக்கிறான். இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறான். குளிர் எனக்கு ஒத்துக்காது என்று நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இவள் எனக்குத் தெரியாமல் டிக்கெட் போட்டுவிட்டாள். அதுதான் பேண்ட், அதுதான் கோட்டு, அதுதான் "அங்க போயிச் சொல்றனுங்க." பைத்தியக்காரி, இதற்கு எதற்கு வியட்நாம் வழியாகச் சுற்ற வேண்டும்? நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. இரண்டு தடவை சாப்பிட்டேன்.

மாலை: மதியம் நாலு பேரும் துணிச் சந்தைக்குப் போனார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு நான் மட்டும் லான் கடைக்குப் போனேன். என் யோசனை இதுதான்: வாணி எடுத்த அதே கம்பளியில் எனக்கும் ஒரு கோட்டு சொல்லிவிடுவது. அவள் கனடா என்று வாயைத் திறக்கும்போது நான் கோட்டுப் போட்டு நிற்பது.

கம்பளிச் சுருளைத் தொட்டுக் காட்டி, என் நெஞ்சையும் தொட்டுக் காட்டினேன். லான் தலையை ஆட்டினாள். லினன் சுருளைக் காட்டினாள். நான் மறுபடியும் கம்பளியைக் காட்டினேன். அவள் போனை எடுத்துப் பேசினாள். போன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஐயா, இந்தத் துணி உங்களுக்கு வேண்டாம். உங்கள் மனைவி பனி பெய்யும் ஊருக்குப் போகிறார். நீங்கள் வெயில் ஊரில் இருப்பீர்கள். நேற்று உள்ளறையில் மனைவி அப்படித்தான் சொன்னார். ஆகவே உங்களுக்கு மெல்லிய துணி."

மிஷின் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்து மறுபடி கேட்டேன். அதே குரலில் அதையே சொன்னது. எத்தனை நாளுக்கு என்று கேட்டேன்.

"இரண்டு வருடம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வாழ்த்துகள்."

நான் நன்றி என்றுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் பட்டுக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாங்கள் வந்ததிலிருந்து இந்த ஊரில் வெயிலே இல்லை என்று ராஜாமணி சொல்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்?

ஜனவரி 8, வியாழன்

காலைச் சாப்பாட்டின்போது கேட்டுவிட்டேன். மற்ற மூன்று பேரும் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் போலிருக்கிறது. தெரியாதவன் நான் ஒருவன்தான்.

"எந்த ஊர்?" என்றேன்.

வாணி கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "பூட்டானுங்க. பாரோங்கற ஊருக்குப் பக்கத்துல ஒரு போர்டிங் ஸ்கூலு. கணக்குக்கு ஆள் வேணும்னு எங்கூட வேலை செஞ்ச ஜெசிந்தா சொன்னாங்க. அவங்க ரண்டு வருசமா அங்கதான் இருக்காங்க. நவம்பர்ல போன்லயே இன்டர்வியூ எடுத்தாங்க. நீங்க வாக்கிங் போயிருந்தீங்க. பிப்ரவரி பத்தாந்தேதி சேரோணும்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலீங்க. கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்கன்னுதான் எனக்குத் தெரியுமே."

"அதை வீட்டில் சொல்லக்கூடாதா? இங்கே வந்தா சொல்வது?"

"கோபியில சொன்னா அஞ்சு நிமிசத்துல உங்கக்கா வந்துருவாங்க. அப்புறம் எனக்கும் சேர்த்து அவங்கதான் பேசுவாங்க. உங்களுக்கும் சேர்த்து அவங்கதான் பேசுவாங்க. இங்கன்னா நாம ரண்டு பேருதானேங்க." ரொட்டியை மறுபடி எடுத்தாள். "துணியும் தைக்கோணும். சேலையக் கட்டிட்டு அந்தக் குளுருல நிக்க முடியாதாமா. அதுதான் தமயந்தி சொன்னதும் பேர் குடுத்துட்டேன்."

எனக்குக் கேட்க நூறு கேள்வி இருந்தது. என்னை விட்டுவிட்டா போகிறாய்? என்னையும் கூட்டிப் போவாயா? நான் என்ன தப்பு செய்தேன்? வாயைத் திறந்தேன். வந்தது என்னவோ, "அப்போ சாம்பார்ப் பொடி யார் அரைக்கிறது?"

அதைக் கேட்டதும் அவள் முகம் மூடிக்கொண்டது. நான் வேறு ஏதோ கேட்க வந்தேன் என்று சொல்ல நினைப்பதற்குள் எழுந்து போய்விட்டாள்.

ஜனவரி 9, வெள்ளி

யாருடனும் பேசவில்லை. எனக்கு ஒன்றும் கோபமில்லை.

ஜனவரி 10, சனி

போட்டுப் பார்க்கிற நாள். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். லினன் கோட்டு தோளில் ஏறியது, வயிற்றில் பட்டன் சேரவில்லை. எக்கிப் பார்த்தேன், மூச்சை அடக்கிப் பார்த்தேன். அளவுச் சட்டையை எடுத்துப் பாருங்கள், நீங்கள்தான் தப்பாகத் தைத்திருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். லான் சட்டையைக் கோட்டின் மேல் விரித்து வைத்துக் காட்டினாள். அச்சு அசல் ஒன்றாக இருந்தது. "சட்டை சரியாக இருக்கிறது, ஐயா. இந்தச் சட்டையை நீங்கள் கடைசியாக எப்போது போட்டீர்கள்?" என்றது போன்.

யோசித்தேன். நவநீதன் காலேஜில் சேர்ந்த வருடம். பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

கடைசியில் நானும் நடுக்கடையில் கையை விரித்து நிற்க வேண்டியதாயிற்று. டேப் வயிற்றைச் சுற்றி வந்தது. லான் எண்ணைச் சத்தமாகச் சொன்னாள். அவள் பாஷை எனக்குப் புரியாதது எவ்வளவு நல்லது.

அப்போதுதான் வாணி உள்ளேயிருந்து வந்தாள். சாம்பல் நிறப் பேண்ட், வெள்ளைச் சட்டை, மேலே அந்தக் கோட்டு. நான் ஒரு கணம் யாரோ என்று நினைத்தேன். கண்ணாடி முன்னால் போய் நின்றாள். பாக்கெட்டில் கையை விட்டாள், எடுத்தாள், மறுபடி விட்டாள். "தமயந்தி, பாரு கண்ணு, சாக்பீஸு ஒரு டப்பாவே வெக்கலாமாட்ட இருக்குது!" என்று சிரித்தாள்.

இத்தனை வருடம் சாக்பீஸை எங்கே வைத்திருந்தாள்? கையில்தான் இருந்திருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது உள்ளங்கை வெள்ளையாக இருக்கும். அந்தக் கையோடு என் ஃபைலைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். அதைத் தவிர அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் வேறு என்ன பேசியிருக்கிறேன் என்று நின்ற இடத்திலேயே யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அவள் அழகாக இருந்தாள். அதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், "கை கொஞ்சம் நீளம்" என்றேன்.

வாணி சேலைக்கு மாறி வந்தபின், ஓட்டலுக்கு நடந்து வரும்போது மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டுக் கேட்டேன். "நானும் வரட்டுமா?"

வாணி நின்றுவிட்டாள். சைக்கிள்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின.

"உங்ககிட்ட மறைக்காமச் சொல்றனுங்க" என்றாள். "நீங்க வந்தா அங்கயும் மூணு வேளை ஆக்கோணும். உங்க மாத்திரை, உங்க வெந்நி, உங்க துண்டு எங்கன்னு தேடறது. இத்தன வருசம் பள்ளிக்கூடத்துல நின்னாலும் நெனப்பெல்லாம் அடுப்பு மேலதானுங்க. ஒரு ரண்டு வருசம், பள்ளிக்கூடத்த மட்டும் நெனச்சுட்டு இருக்கோணும்னு ஆசையா இருக்குதுங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வராதீங்கன்னு சொல்ல வாய் வரலீங்க. வாங்கன்னு சொல்லவும் வரமாட்டேங்குது. நான் என்ன பண்றதுங்க?"

கல்யாணமான நாளிலிருந்து எனக்கு என்ன வேண்டும் என்று அவள்தான் சொல்லுவாள். காபி வேண்டும், மாத்திரை வேண்டும், தூக்கம் வேண்டும். இன்று முதல்முறையாக என்னைக் கேட்கிறாள்.

ஜனவரி 11, ஞாயிறு. விமானத்தில்

பெட்டி கனமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் படிவத்தைப் போனில் காட்டினாள். கரும்பலகையில் கணக்குப் போடுகிறவள்போல அவ்வளவு அழகாக எல்லாவற்றையும் நிரப்பியிருக்கிறாள். "தங்குமிடம்: தனியாகவா, குடும்பத்துடனா" என்ற இடம் மட்டும் காலி.

"இதை ஏன் விட்டாய்?"

"பொங்கல் முடிஞ்சு போன் பண்ணிக் கேக்கறோம்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள முடிவு பண்ணிக்கலாமுங்க."

யார் முடிவு பண்ணுவது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூட்டத்தில் எல்லோருக்கும் துணி கிடைத்துவிட்டது. ராஜாமணி தூங்குகிறாள். அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். விடிகாலையில் எழுந்து நானே காபி போட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. நல்ல நாளில் பொங்கியது நல்லதுதான் என்று வாணியிடம் சொன்னேன். அவள் அடுப்பைத் துடைத்தாள். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். "எதுக்குங்க?" என்றாள். சும்மா என்றேன்.

நாலு இரவு யோசித்தும் தெளியவில்லை. குடும்பத்துடன் என்று எழுதினால் அவள் அழுவாள். தனியாக என்று எழுதினால் நான். இதை எழுதும்போது கையெழுத்துக் கோணலாகப் போகிறது.

ஜனவரி 17, சனி

காணும் பொங்கல். அக்கா மதியமே வந்துவிட்டாள். இன்றைக்காவது சொல்லிவிடுவது என்று வாணி முடிவு செய்திருந்தாள், சொல்லிவிட்டாள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"அறுவது வயசுல ஒரு பொம்பளைக்கு இது தேவையா? ஊரு என்ன பேசும்? புருசனுக்குச் சோறு போடறதுக்கு ஆளில்லாம இவன் ஓட்டல்ல திம்பானா? ஏன்டா பழனி, நீ ஏன்டா வாயில கொழுக்கட்டைய வெச்சுட்டு உக்காந்திருக்கற? வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு, முடிஞ்சுபோச்சு!"

வாணி சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. தட்டை வைத்துவிட்டு எடுத்தாள். இரண்டு வார்த்தை பேசினாள். "அவரையே கேட்டுக்குங்க மேடம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. மரியாதையான குரல். "படிவத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது, சார். ஆசிரியர் விடுதியில் தனி அறையா, குடும்பத்துக்கான வீடா? உங்கள் மனைவி உங்களைக் கேட்கச் சொல்கிறார்."

அக்கா, "யார்றா அது? வேண்டாம்னு சொல்லு!" என்றாள்.

நான் வாணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்கிறவள் முகம் அது. முப்பத்தைந்து வருடமாக நான் பார்த்த முகம் அதுதான். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"தனி அறை" என்றேன். அக்கா போட்ட சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். "தனி அறை, மேடம்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். வாணி நிமிர்ந்தாள்.

"இன்னொன்று" என்றேன். "விடுதியில் விருந்தாளி வந்தால் தங்க முடியுமா?"

"பக்கத்திலேயே விருந்தினர் அறை இருக்கிறது, சார். அதிகபட்சம் பதினைந்து நாள். யார் வருகிறார்கள்?"

"நான்தான்."

அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "தாராளமாக வரலாம். ஆனால் முன்கூட்டியே எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும்."

"யாருக்கு?"

"யாரைப் பார்க்க வருகிறீர்களோ அந்த ஆசிரியருக்கு. அவர் சம்மதித்தால் போதும்."

போனை வைத்தேன். அக்கா என்னென்னவோ கேட்டாள், ஒன்றும் காதில் விழவில்லை. மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி எழுதினேன். பொருள்: மே மாதத்தில் பதினைந்து நாட்கள் தங்களைப் பார்க்க வர அனுமதி வேண்டுதல் தொடர்பாக. விருந்தாளியின் சமையல், வெந்நீர், துண்டு ஆகியவற்றுக்கு விருந்தாளியே பொறுப்பு என்று கீழே சேர்த்தேன். கையெழுத்துப் போட்டு வாணியிடம் நீட்டினேன்.

நின்றபடியே படித்தாள். ஒருமுறை படித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு காபித் தட்டை எடுத்தாள்.

"பரிசீலிக்கறனுங்க" என்றாள்.